திறந்தாய் என்று நினைத்தாய்

'இதுவரை நடந்தது: வீரதீர வெண்டைக்காயனே, நீ பெட்டிக்குள் கிடந்தாய். பெட்டி கடலுக்குள் கிடந்தது. துளையைத் திறந்தாய் என்று நினைத்தாய். திறக்கவில்லை. மூச்சு முட்டிச் செத்தாய். அழகாகத்தான் செத்தாய், அதில் குறை சொல்ல முடியாது.'

ஷைனி சிரிக்கத்தான் போனாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. காலை பதினொரு மணி. மார்த்தாண்டத்துக்கு வெளியே ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி, அதன் பின்பக்கத்தில் கீழ்த்தளம், ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள உச்சியில் ஒரு காற்றுத் துவாரம் மட்டும் இருக்கிற அறை. எதிரே, ஆவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்லுகிற ஆட்டோகிளேவ் உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் இன்றைய இரண்டாவது டிரம், டிரம்முக்குள் ஆபரேஷன் தியேட்டருக்கான துணியும், ரத்தம் ஒற்றுகிற காஸ் துணியும் வெந்துகொண்டிருந்தன. அழுத்தம் காட்டுகிற முள் இப்போதுதான் பதினைந்தைத் தொட்டிருக்கிறது. தொட்டதிலிருந்து இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் முள் இறங்காமல் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அவள் வேலை, சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மருந்துக்கடைப் பெண் பதினேழு நாளைக்கு முன்னால் இந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தபோது, இந்த அறைக்கென்றே யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முன்பு ஆடிய மிட்டாய் விளையாட்டு ஆளை விரட்டும், நடுவில் எழுந்தால் தோற்றாய் என்று சொல்லும். சீரியல் என்றால் கண்ணை எடுக்க முடியாது. இது அப்படியில்லை. பழைய காலத்து வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமாக ஒரு பொம்மை இளவரசன், கீச்சுக் கீச்சென்று ஒரு பாட்டு, ஏழு கடல் ஏழு மலைக் கதைகளை எல்லாம் கிண்டல் அடிக்கிற வாய்த்துடுக்கான கதைசொல்லி ஒருவன். ஆளைக் காட்டமாட்டார்கள், திரையின் அடியில் கறுப்பில் வெள்ளை எழுத்தாக மட்டும் வருவான். பத்து நிமிடத்துக்கு ஓர் அத்தியாயம். ஒரு மணி நேரம் ஒரே இருப்பில் ஆடினால் சலித்துவிடும், ஒரே ஆளின் நக்கலை எவ்வளவு நேரம்தான் கேட்பது. ஆனால் ஒரு டிரம் வேகிற நேரத்துக்கு அது வெகு கச்சிதம். எந்த நொடியில் மூடினாலும் கோபித்துக்கொள்ளாது. 'போ, போய் உன் பிழைப்பைப் பார். நான் எங்கும் போய்விட மாட்டேன்' என்று எழுத்து வரும். திரும்பத் திறந்தால் விட்ட இடத்தை அதுவே எடுத்துச் சொல்லும். ஷைனி எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் துளையைத் திறந்தேனே. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெண்டைக்காயனைப் பித்தளைப் பெட்டியில் போட்டுக் கடலில் எறிந்துவிடுகிறார்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குட்டி மூடி. அதைக் கட்டைவிரலால் இடமிருந்து வலமாகத் தள்ளினால் டக்கென்று திறக்கும், போன் விரலுக்குள் லேசாக அதிரும், அலை வரும்போது வலமிருந்து இடமாக மூடிவிட வேண்டும். காலையிலிருந்து நாலைந்து தடவை செத்துவிட்டான். கடைசித் தடவை திறந்துவிட்டாள், கட்டைவிரலில் அந்த டக் வந்தது, வந்த சந்தோஷத்தில்தான் போனை மூடிவிட்டு முதல் டிரம்மைத் தூக்கி உள்ளே வைத்தாள். இப்போது இவன் இல்லை என்கிறான். சரி, சவம், விளையாட்டுத்தானே, இன்னொரு தடவை ஆடினால் போயிற்று. அவள் திரையைத் தொடப் போனாள். விரல் தொடவில்லை. வெண்டைக்காயன் பெட்டியில் திறக்கவில்லை என்றால், நான் திறந்தது எதை?

டிரம்மை. வேறு எதை. அவளுக்கு உடனே நெஞ்சு லேசானது. ஸ்டீல் டிரம்மின் இடுப்பைச் சுற்றி வரிசையாகத் துளைகள் உண்டு, துளைகளின் மேல் நகர்கிற ஒரு பட்டை உண்டு. ஆட்டோகிளேவுக்குள் வைக்குமுன் பட்டையை இடமிருந்து வலமாகத் தள்ளித் துளைகளைத் திறக்க வேண்டும், அப்போதுதான் ஆவி உள்ளே போகும். வெந்து வெளியே எடுத்த கையோடு வலமிருந்து இடமாகத் தள்ளி மூட வேண்டும், அப்போதுதான் வெளிக்காற்று உள்ளே போகாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் மேபல் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது இந்த ஒன்றைத்தான், மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துப் படித்தது. திறக்காமல் வைத்தால் டிரம் சுடும், அதன் மேல் ஒட்டிய டேப்பில் சூடு பட்டதற்கான கறுப்புக் கோடுகூட வரும், எல்லாம் வெந்தது மாதிரியே இருக்கும், உள்ளே துணி வேகாமல் கிருமியோடு கிடக்கும். பார்த்தால் தெரியாது. டிரம்முக்கு நடுவில் வைக்கிற சோதனைக் காகிதம் இருந்தால் தெரிந்துவிடும், அது தீர்ந்து மூன்று வாரமாகிறது, இன்று வரும் நாளை வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, தெரிந்த ஒரே சாட்சி அவளுடைய கட்டைவிரல். கட்டைவிரல் டக் என்கிறது. ஆனால் அந்த டக், நாலாவது தடவை செத்ததற்கு முன்னால் மூன்றாவது தடவையில் வந்த டக்காக இருந்தால்? மூன்றாவது தடவை திறந்தான், பிறகு அலை வந்தது, மூட மறந்து செத்தான். இல்லை, அது இரண்டாவது தடவை. அவள் கட்டைவிரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். டிரம் பட்டை கொஞ்சம் துருவேறிக் கரகரக்கும், போன் வழுவழுப்பாக இருக்கும். ஞாபகத்தில் இருக்கிற டக் கரகரப்பா வழுவழுப்பா என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க அது கரகரப்பாகவும் ஆயிற்று, வழுவழுப்பாகவும் ஆயிற்று, கேட்கிற மாதிரியெல்லாம் பதில் சொல்கிற ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. விரல் விரலாகத்தான் இருந்தது.

'இருக்கிறாயா?' என்று திரையில் எழுத்து வந்தது. சும்மா வைத்திருந்தால் அது அப்படிக் கேட்கும். கேட்கும் என்று தெரிந்திருந்தும் அவளுக்குத் தோள்பட்டை சிலிர்த்தது.

இந்த இரண்டாவது டிரம்மில் சந்தேகமே இல்லை. இதைத் திறந்துதான் வைத்தாள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அந்த டக் தனி டக். நேற்று மதியம் வேகவைத்து மேலே அலமாரியில் ஏற்றிய ஸ்பேர் டிரம்மிலும் சந்தேகமில்லை. முதல் டிரம்தான். அது பத்தே முக்காலுக்கு மேலே போய்விட்டது. எடுக்கும்போது பட்டையை மூடினேன், அல்லவா. திறந்திருந்தால்தானே மூட முடியும், மூடினேன் என்றால் திறந்திருந்தது என்று ஆகிறது. ஆ, அப்படிப் பிடி. ஆனால் மூடினேனா? மேபல் சிஸ்டர் மேலேயிருந்து போனில் சீக்கிரம் சீக்கிரம் என்றார், கையுறையோடு டிரம்மைத் தூக்கினாள், பட்டையைப் பார்த்தாள், மூடியிருந்தது. மூடினேனா, மூடியிருந்ததா. இந்த இடத்தில் வந்து அவள் மனசு கல்லில் மாட்டின சேலை நுனி மாதிரி நின்றுவிட்டது, இழுத்தால் கிழியும், விட்டால் போக முடியாது. மூடினேனா, மூடியிருந்ததா. கடந்த ஒரு மணி நேரத்தை எனக்கும் யாராவது அடியில் வெள்ளை எழுத்தில் போட்டுக் காட்டினால் ஆகாதா? இதுவரை நடந்தது: ஷைனியே, நீ துணியை மடித்தாய், டிரம்மில் அடுக்கினாய், டேப் ஒட்டினாய், தேதி எழுதினாய். பிறகு? பிறகு நீ என்ன செய்தாய், ஷைனியே? கதைசொல்லியின் அந்த நக்கல் குரலிலேயே அவள் தலைக்குள் அது கேட்டது. அவனுக்குக் குரல் கிடையாது, எழுத்து மட்டும்தான். இப்போது குரல் வந்திருந்தது. அது ஆண்குரலும் இல்லை பெண்குரலும் இல்லை, ஆவி கசிகிற சத்தத்துக்கு உள்ளேயிருந்து வந்தது.

மேலே தியேட்டரில் நஸீமா படுத்திருப்பாள். பதினொரு வருஷம் கழித்துப் பிள்ளை. காலையில் பச்சை கவுனில், சக்கர நாற்காலியில், அறைக்கு வெளியே மேலேறுகிற இந்தச் சரிவுப் பாதை வழியாகத்தான் கொண்டு போனார்கள். முதல் டிரம்மை உள்ளே வைத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்து நின்ற ஷைனியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒங்க கை சூடா இருக்கு. கொஞ்சம் பிடிச்சுக்கிடட்டா?" என்றாள். முன்பின் தெரியாதவள். பத்தடி தூரம் ஷைனி கையைக் கொடுத்துக்கொண்டே நடந்தாள். "ஒண்ணும் ஆவாது, தங்கச்சி. அரை மணி நேரந்தான். பிள்ளய பாத்துட்டு என்னய மறந்துருவிய" என்று சொன்னாள். எந்த வாயால் சொன்னேன். எந்தக் கையைக் கொடுத்தேன். பதினொன்றேகாலுக்குக் கத்தி வைப்பார்கள். அதற்குமுன் டிரம்மைத் திறப்பார்கள். உள்ளேயிருந்து எடுக்கிற காஸை வயிற்றுக்குள் வைப்பார்கள், ஒற்றியெடுப்பார்கள், மறுபடி வைப்பார்கள். மணி பதினொன்று நாலு. முள் பதினைந்தில் அசையாமல் நின்றது, நிற்கிற முள்ளைப் பார்த்தால் நேரமே நின்றுவிட்டது போலிருந்தது. அப்படி நின்றாலும் நல்லதுதான்.

பிரேமாவுக்கும் இப்படித்தான் ஒன்றும் ஆகாது என்று சொன்னாள். பிரேமா அவளுடைய தங்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால், வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில். பிள்ளை நல்லபடி பிறந்தது, மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் தையல் பழுத்தது. பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். அந்த நாற்றத்தை ஷைனி இன்னும் சில சமயம் ஈரத்துணி மடிக்கும்போது முகர்வாள், சட்டென்று துணியைக் கீழே போட்டுவிடுவாள். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எங்க பக்கம் ஒரு தப்பும் இல்ல." டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னாள், அலுவலகத்தில் இருந்தவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். சரியாகத்தான் இருந்தது என்றால் பிரேமா ஏன் செத்தாள்? எங்கோ ஒரு அறையில், யாரோ ஒருத்தி, ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கிறாள் என்று ஷைனிக்கு நிச்சயம். அந்த யாரோவை அவள் ஆறு வருஷமாகத் திட்டுகிறாள். ஜெபத்துக்கு முழங்கால் போட்டால்கூடக் கடைசியில் வாய் அந்த ஏச்சுக்குத்தான் போகும். அவளுக்கு முகம் கிடையாது. முதுகு மட்டும் ஷைனிக்குத் தெரியும், நாற்காலியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிற முதுகு. இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான், என் கை வழியாக எவளுக்கும் அது நடக்கக்கூடாது என்று. மேபல் சிஸ்டரிடம் அப்படிச் சொல்லித்தான் வேலை கேட்டாள். பட்டையைத் திறக்கும்போது ஒவ்வொரு தடவையும் பிரேமா பேரைச் சொல்லித் திறப்பாள், வாய்க்குள். அது ஒரு வழக்கமாகிவிட்டது, ஜெபம் மாதிரி. ஷைனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேரைச் சொன்னேனா இன்று? நேற்று? பதினேழு நாளில் ஒருநாளாவது?

'பெட்டிக்குள் காற்று குறைகிறது' என்றது திரை.

அவள் குனிந்துதான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி, குனிந்த முதுகு, கையில் எதையோ பார்த்துக்கொண்டு. வாசலில் நின்று ஒருத்தி இந்த அறையை எட்டிப் பார்த்தால் என்ன தெரியுமோ அது அவளுக்கு வாசலில் நின்று பார்த்த மாதிரியே தெரிந்தது. ஆறு வருஷமாக ஏசிக்கொண்டிருக்கிற முதுகு மெதுவாகத் திரும்பினால் என்ன முகம் இருக்கும் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் கீச்சிட்டது. இரு, யோசி. மேலே போய்ச் சொன்னால் வேலை போகும். போகட்டும் என்று சொல்ல எளிது. வேலை போனாலும் பரவாயில்லை, டாக்டரம்மா முன்னால், பச்சைத் துணி கட்டிக்கொண்டு நிற்கிற அத்தனை பேர் முன்னால், போனில் பொம்மை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது. திறந்துதான் வைத்திருப்பேன். நூற்றுக்குத் தொண்ணூறு திறந்துதான் வைத்திருப்பேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை, கை தானாகச் செய்யும். கை தானாகச் செய்ததால்தானே இப்போது தலைக்குத் தெரியவில்லை. தொண்ணூறு போதுமா என்று பிரேமாவிடம் கேள். மணி பதினொன்று ஏழு. அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள், கவிழ்த்த போனுக்கு அடியில் வெளிச்சம் ஒருகணம் இருந்து அணைந்தது. செருப்பைக்கூடப் போடாமல் சரிவுப் பாதையில் ஓடினாள்.

மேபல் சிஸ்டர் தியேட்டர் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ஆள். கையில் பட்டியலோடு திரும்பினவர் ஷைனியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மக்ளே, பேய் அடிச்ச மாதிரி வாற?" என்றார்.

"சிஸ்டர், டிரம்ம திறந்தாச்சா?"

"இல்ல. முதுகுல மயக்க ஊசி இப்பதான் போட்டுருக்கு. ஏன்?"

"திறக்காதீங்க. அது... துளை திறந்து வச்சனா இல்லியான்னு ஒரு சந்தேகம்."

மேபல் சிஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். "சந்தேகமா, நிச்சயமா?"

"சந்தேகம்தான். கையில போன் இருந்துச்சு, சிஸ்டர். விளையாடிட்டு இருந்தேன். நெனச்சுப் பாத்தா ஒண்ணும் தெளிவா இல்ல."

ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். விழுந்தது, ஆனால் சின்னதாகத்தான் விழுந்தது. "ஒன் போன எடுத்து அந்த ஆட்டோகிளேவுக்குள்ளயே போட்டு வேக வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார், முதல் டிரம்மை அவரே தூக்கி வந்து தரையில் ஓரமாக வைத்தார், அலமாரியைத் திறந்து ஸ்பேர் டிரம்மை எடுத்தார். டேப்பைப் பார்த்தார். கறுப்புக் கோடு, நேற்றுத் தேதி, ஷைனியின் கையெழுத்து. "இது நல்லதுதான?"

"நல்லது, சிஸ்டர். நேத்து நானே வச்சது."

"பின்ன என்ன. சந்தேகம்னு வந்தா வாயத் திறந்து சொல்லிரணும். அமுக்கிட்டு இருக்கவதான் ஆளக் கொல்லுவா. நீ சொல்லிட்ட. போ, போய் தண்ணி குடி."

சரிவில் இறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. பார்த்தாயா பிரேமா, நான் சொல்லிவிட்டேன், அவள் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன். முதுகு அவளுடையதுதான், என்னுடையது இல்லை. அறைக்குள் ஆட்டோகிளேவ் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, முள் பதினைந்தை விட்டு அசையவில்லை, நல்ல பிள்ளை. பதினொன்று இருபதுக்கு நிறுத்தினாள். ஆவியைத் திறந்துவிட்டாள், அறை முழுக்க வெள்ளையாகி, ஈயச் சட்டி காய்ந்த மாதிரி ஒரு வாசனை எழுந்து அடங்கியது. முள் பூஜ்யத்துக்கு வந்து, துணி உலர இன்னும் பத்து நிமிடம். போனைத் தொடுவதில்லை என்றுதான் இருந்தாள். ஐந்து நிமிடம் இருந்தாள். சுவரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். மனசு இப்போது கழுவி விட்ட மாதிரி இருந்தது, அதில் உட்கார ஒரு பலகை வேண்டியிருந்தது. பாதியில் செத்துக் கிடக்கிறானே பாவம், அவனை மட்டும் கரையேற்றிவிட்டு விளையாட்டையே அழித்துவிடலாம் என்று போனை எடுத்தாள். வேகும்போதுதான் தப்பு, உலரும்போது என்ன. பெட்டி கடலில் அமிழ்ந்தது. கட்டைவிரலை இடமிருந்து வலமாகத் தள்ளினாள். டக். அலை வந்தது, மூடினாள். போயிற்று, திறந்தாள். டக். கீச்சுக் கீச்சென்று பாட்டு மாறியது, பெட்டி கரையில் ஒதுங்கியது, வெண்டைக்காயன் கட்டம் கட்டமான கால்களோடு வெளியே வந்து குதித்தான். 'திறந்துவிட்டாய். இந்தத் தடவை நிஜமாகவே திறந்துவிட்டாய். எனக்கே நம்ப முடியவில்லை' என்றான் கதைசொல்லி. அதே நேரத்தில் மேலே, இரண்டு கதவும் ஒரு சரிவும் தாண்டி, ஒரு குழந்தை அழுதது.

ஷைனி போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு எழுந்து, கனத்த கையுறைகளை மாட்டிக்கொண்டு, ஆட்டோகிளேவின் கதவைச் சுழற்றித் திறந்தாள். சூடு முகத்தில் அடித்தது. டிரம்மை இழுத்து மேஜைமேல் வைத்தாள். டேப்பில் கோடுகள் அழகாகக் கறுத்திருந்தன. எடுத்த கையோடு மூட வேண்டும். பிரேமா, என்று இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லி, கட்டைவிரலைப் பட்டையில் வைத்து வலமிருந்து இடமாகத் தள்ளினாள். பட்டை நகரவில்லை. சூட்டில் இறுகியிருக்கும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நகரவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சுடச் சுட வெறும் விரலால் தள்ளினாள். நகர இடமில்லை. குனிந்து பார்த்தாள். டிரம்மின் இடுப்பைச் சுற்றி ஒரு துளைகூடத் தெரியவில்லை. பட்டை முழுக்க மூடியிருந்தது. உள்ளே போனபோதே மூடித்தான் போயிருக்கிறது. இருபது நிமிடமும் மூடியேதான் கிடந்திருக்கிறது.

இதில் சந்தேகமே இல்லை என்று அவள் சொன்ன டிரம் இது. தனி டக் என்று சொன்னது இதைத்தான். அவள் அந்த டக்கை மறுபடியும் நினைவில் தேடினாள், அது அங்கேயே இருந்தது, துளியும் மங்கவில்லை, கரகரப்போடு, பட்டையின் குளிர்ச்சியோடு, துளைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தது வரைக்கும் இருந்தது. நடக்காத ஒன்று இவ்வளவு தெளிவாக இருக்குமா. இருந்தது. அப்படியானால் நேற்று மதியத்து டக்? அதுவும் அங்கேயே இருந்தது, இதே தெளிவோடு, அக்கா தங்கை மாதிரி இரண்டும் ஒரே முகம். நேற்று மதியம் எட்டாவது அத்தியாயம், ராட்சசியின் சமையலறை, அதன் ஜன்னலையும் இதே மாதிரிதான் தள்ளித் திறக்க வேண்டும். சந்தேகம் வந்த டிரம்மைத் தடுத்துவிட்டாள். சந்தேகம் வராததைக் கொடுத்துவிட்டு வந்தாள். நல்லது, சிஸ்டர், நேத்து நானே வச்சது. சுட்ட விரலில் வலி இப்போதுதான் ஏறியது. அறையில் ஆவி அடங்கிவிட்டது, மூச்சு விடுகிற சத்தம் மட்டும் அடங்கவில்லை. அது தன்னுடையதுதான் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

சுவரில் இருந்த போன் அடித்தது. எடுத்தாள்.

"மக்ளே, பொம்பளப் பிள்ள! மூணு கிலோ. கேட்டியா சத்தத்த?" மேபல் சிஸ்டரின் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "டாக்டரம்மா தையல் போட ஆரம்பிச்சாச்சு. நஸீமா ஒன்னயக் கேக்கா. அந்தச் சூடு கை அக்கா எங்கன்னு. ஒன் ஸ்பேர் டிரம்தான் ராசி போ!"

சரி சிஸ்டர் என்று சொன்னால் போதும். சந்தோஷம் சிஸ்டர் என்று சொன்னால் போதும். போனை வைத்துவிடலாம், இந்த டிரம்மின் பட்டையைத் திறந்து மறுபடி உள்ளே தள்ளிவிடலாம், ஒரு குஞ்சுக்கும் தெரியாது. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அந்த வாக்கியம் தயாராக நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது, ஆறு வருஷம் காத்திருந்து இப்போது முறை வந்த மாதிரி. மேஜைமேல் கைபேசித் திரை தானாக வெளிச்சமானது. 'இருக்கிறாயா?' வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அவள் திரும்பி வாசலைப் பார்த்து நின்றாள். அங்கே யாரும் இல்லை.

"இருக்கியா, மக்ளே?"

"இருக்கேன், சிஸ்டர். டாக்டரம்மாவ ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. அந்த ஸ்பேர் டிரம்முல துளை திறந்திருந்துச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாது."

மறுமுனையில் மேபல் சிஸ்டர் ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடுகிற சத்தம் கேட்டது. ரிசீவருக்குள் குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.